மடக்கு சீட் காலி

மலையடிவாரம், வேனுக்குள்
ஜூன் 8, சனிக்கிழமை

மலை பஸ் டிரைவர் அவர்களுக்கு,

வேனின் பின்கதவு சாத்த மாட்டேன் என்கிறது. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். வேறு எதையாவது எதிர்பார்த்துப் பிரித்திருந்தால் அது என் தப்பில்லை.

நீங்கள் போன பிறகு முதலாளி போட்டிருக்கும் புது டிரைவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் பிரேக். நாய் குறுக்கே வந்தாலும் பிரேக், வரலாமா என்று நாய் யோசித்தாலும் பிரேக். ஐம்பத்தாறு வயசு, தங்கமான மனுஷர். ஆனால் அவர் பின்கதவை அறைகிற சத்தத்தில் உள்ளே இருக்கிறவர்கள் எழுந்து நின்றுவிடுகிறார்கள். அத்தனை சத்தமாகச் சாத்திய கதவு முதல் வேகத்தடையிலேயே வாயைப் பிளக்கிறது. போன வாரம் ஓர் அம்மாவின் பை ரோட்டில் விழுந்து, மாற்றுத்துணியெல்லாம் பரவி, அவர் இறங்கிப் பொறுக்கி முடிக்கும்வரை பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனை அடித்துத் தள்ளிவிட்டார். நீங்கள் பதினொரு வருஷம் அதை ஒரே தட்டில் சாத்தினீர்கள். எப்படி?

போன் பண்ணியிருக்கலாமே என்பீர்கள். மே மாதம் மூன்று தடவை பண்ணினேன். முதல் தடவை நான் கத்தினேன். இரண்டாவது தடவை நீங்கள் வைத்துவிட்டீர்கள். மூன்றாவது தடவை இரண்டு பேரும் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தோம். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் வைக்க முடியாது.

வழக்கம்போல இருபத்திரண்டு பேரையும் உங்கள் கம்பெனி பஸ்ஸில் மலைக்கோயிலுக்கு ஏற்றிவிட்டுக் கீழே உட்கார்ந்திருக்கிறேன். ஓட்டியது யார் என்று பார்க்கவில்லை. இறங்கி வந்ததும் சாப்பாடு, அப்புறம் மணி வார்க்கும் ஊர், அப்புறம் வீடு. அந்த மணி ஊரை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் ஏழு வாரமாக நான் தலைகளை இரண்டு தடவை எண்ணுகிறேன்.

கடிதத்தை டிக்கெட் கவுண்டர் அம்மாவிடம் கொடுத்துப் போகிறேன். பதிலையும் அங்கேயே கொடுக்கலாம். கதவைப் பற்றி மட்டும்.

இப்படிக்கு,
கைடு

*

பஸ் ஷெட் மாடி
ஜூன் 12

கைடு அம்மாவுக்கு,

கைப்பிடியை மேலே தூக்கு. தூக்கியபடியே இடுப்பால் ஒரு தள்ளு. கீழ் மூலையில் காலால் ஒரு தட்டு. அவ்வளவுதான். இழுத்து அறைந்தால் சாத்தாது. அதட்டினால் வீம்பு பிடிக்கும். உனக்குப் பழக்கமான சுபாவம்தான்.

பிரேக்கிடம் சொல், இரண்டாவது கியரில் கொஞ்சம் பொறுக்க வேண்டும். வண்டி தும்மும். தும்மி முடித்த பிறகு மிதிக்கணும்.

நான் நன்றாக இருக்கிறேன். அறையில் இரண்டு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் டீசல் வாடை, மூடினால் கண்டக்டரின் சாக்ஸ் வாடை. அவருக்கு ரைட்டு என்று பெயர். சாப்பிட்டு எழுந்தாலும் 'ரைட்', குளிக்கப் போனாலும் 'ரைட்'. மனுஷன் ஒரு நாளும் திரும்பிப் பார்த்துச் சொல்லி நான் பார்த்ததில்லை.

கம்பெனியில் மூன்று வருஷ ஒப்பந்தம் நீட்டுகிறார்கள். ஜூலை பதினைந்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும். குடும்பத்தோடு தங்க இடம் தர மாட்டார்கள். தனி ஆளுக்கு இந்தக் கட்டில்தான். போடலாம் என்று இருக்கிறேன்.

அக்காவுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. கோபமாக இருப்பாள். தெரியாத ஊரில் விட்டுவிட்டுக் கிளம்பிவந்தால் யாருக்குத்தான் கோபம் வராது.

டிரைவர்

*

மலையடிவாரம்
ஜூன் 15, சனிக்கிழமை

டிரைவர் அவர்களுக்கு,

கதவு சாத்துகிறது. நன்றி. நன்றியோடு நிறுத்தியிருப்பேன், கடைசிப் பத்தியில் நீங்கள் ஊசி வைத்திருக்காவிட்டால்.

'விட்டுவிட்டுக் கிளம்பிவந்தால்.' யார் விட்டுவிட்டு வந்தது என்று எழுதவில்லை பாருங்கள், அதுதான் உங்கள் சாமர்த்தியம். எழுதாவிட்டால் எனக்குப் புரியாதா? ஏப்ரல் இருபதாம் தேதி மணி ஊரில், பட்டறை வாசலில், இருபத்திரண்டு பயணிகளுக்கு முன்னால் நீங்கள் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "உன் கூடப்பிறந்த அக்காவா இருந்தா இப்படி விட்டுட்டு வந்திருப்பியா?"

அவர் என் கூடப்பிறந்தவர் இல்லைதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். எனக்கு டைபாய்டு வந்தபோது பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற வேலையை நிறுத்திவிட்டு, மெஷினை மூடி வைத்துவிட்டு, பன்னிரண்டு நாள் என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அப்போது நீங்கள் வண்டியில் இருந்தீர்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. வண்டி ஓடினால்தான் வீடு ஓடும். ஆனால் என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு எப்படி வாய் வந்தது?

நான் எண்ணினேன். இருபத்திரண்டு டிக்கெட், இருபத்திரண்டு தலை. சரியாக இருந்தது. அக்கா டிக்கெட் இல்லாமல் நம்மோடு வந்தவர், உங்கள் பக்கத்து மடக்கு சீட்டில் உட்கார்ந்தவர். நம்ம ஆளை நாம் என்றைக்கு எண்ணியிருக்கிறோம்? ஐம்பது கிலோமீட்டர் தாண்டி டீக்கடையில் நிறுத்தியபோதுதான் அவர் இல்லை என்பது தெரிந்தது. அது வரைக்கும் நீங்களும் அதே வண்டியில்தானே இருந்தீர்கள்?

இன்றைக்கு ஒரு புதுஜோடி வந்திருக்கிறது. மலைக்குப் போகிற பஸ்ஸில் அந்தப் பெண் ஏறியதும் அவன் கீழே நின்று அவள் செருப்பைத் துடைத்துப் பையில் வைத்தான். எனக்கு என்னவோ ஆகிவிட்டது. மைக்கைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு எத்தனை படி என்பதையே மறந்துவிட்டேன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

கைடு

*

பஸ் ஷெட் மாடி
ஜூன் 24

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். ரைட்டு அந்தத் துண்டுகளைப் பார்த்துவிட்டு, "யாருங்க, வீட்டுலயா?" என்றார். ஆமாம் என்றேன். "ரைட்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மணி ஊரில் நடந்ததை எழுதினாய். அன்றைக்குக் காலையில் நடந்ததை எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

வண்டி ஊரைத் தாண்டியதும் நீ மைக்கை எடுத்தாய். வாராவாரம் என்னைக் கிண்டல் பண்ணுவாய், பயணிகள் சிரிப்பார்கள், எனக்கும் உள்ளுக்குள் பிடிக்கும். அன்றைக்கு நீ சொன்னது: "எங்க டிரைவர் பத்தாவதுல மூணு தடவை ஃபெயிலுங்க. ஆனா இந்த ரோட்டுல இருக்கிற வளைவு ஒண்ணுலகூட ஃபெயிலானதில்லை. தைரியமா உட்காருங்க!"

வண்டியே சிரித்தது. என் இடது முழங்கைக்குப் பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

அப்பா போன வருஷம் எட்டாவதோடு அக்கா பள்ளிக்கூடத்தை விட்டாள். 'அவன் படிக்கட்டும்' என்று தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். அவள் மிதித்த மிதியில் நான் படித்தேன், மூன்று தடவையும் கணக்கில் போனேன். மூன்றாவது தடவை ரிசல்ட் வந்த அன்றைக்கு அவள் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் ஏறவே இல்லை. இதை நான் உயிரோடு இருக்கிற ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன். அது உன்னிடம். அவள் முன்னாலேயே நீ அதை மைக்கில் போட்டாய்.

அதற்குப் பிறகு அன்றைக்கு உன்னிடம் எனக்குப் பேச்சு வரவில்லை. நீயும் ஏன் என்று கேட்கவில்லை.

இன்னொன்று. சனிக்கிழமைகளில் நீ வருகிற நேரத்துக்கு நான் மலைமேல் இருக்கிற மாதிரி ஷிப்ட் மாற்றிக்கொண்டேன். கோபத்தில்தான் மாற்றினேன். இப்போது மாற்றாமல் வைத்திருப்பது கோபத்தில் இல்லை. ஏழாவது வளைவில் திரும்பும்போது கீழே நம் வேன் தெரியும், தீப்பெட்டி அளவுக்கு. பக்கத்தில் நீ நிற்பது ஒரு புள்ளி. வளைவு முடிய நாலு செகண்ட் ஆகும். அந்த நாலு செகண்டுக்காகத்தான் வாரம் முழுக்க ஓட்டுகிறேன்.

டிரைவர்

*

மலையடிவாரம்
ஜூன் 29, சனிக்கிழமை

என்னங்க,

தப்புதான். சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். நான் செய்தது தப்பு. என்னை நம்பிச் சொன்னதை எடுத்து, கைதட்டலுக்காக விற்றுவிட்டேன். மைக் கையில் வந்தால் எனக்கு வாய்க்கும் மூளைக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. நீங்கள் முகத்தை இறுக்கிக்கொண்டதைப் பார்த்தேன். 'போகட்டும், மலையடிவாரம் வந்தால் சரியாகிவிடும்' என்று இருந்தேன். சரியாகவில்லை என்றதும் எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. மன்னித்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தை அக்காவிடம் படித்துக்காட்டினேன். கோபித்துக்கொள்ள வேண்டாம், படிக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார். பட்டன் தைத்துக்கொண்டே கேட்டார். நூல் கோத்த இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். பிறகு என்ன சொன்னார் தெரியுமா? "ஊசிக் கண்ணு சின்னது, அதான் ஏறல. இவனா ஒரு கதை கட்டிக்கிட்டு இத்தனை வருஷம் சுமந்திருக்கானே! வேன்ல நீ சொன்னப்ப எல்லாரையும் விட நான்தாண்டி ஜாஸ்தி சிரிச்சேன். அவன் ரோட்டைப் பார்த்தானே ஒழிய என் பக்கம் திரும்பிப் பார்த்தானா?"

உங்கள் கடிதங்களுக்கு ஏன் பதில் போடவில்லை என்று கேட்டேன். "என்கிட்ட மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கான். அது விலாசம் தப்பின கடிதம். அடுத்த தெருவுக்குப் போக வேண்டியது," என்றார். அடுத்த தெருவில் இருப்பது நம் வீடு என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மணி ஊரில் அவர் ஏன் பின்தங்கினார் என்று நாம் இரண்டு பேரும் இதுவரை கேட்கவே இல்லை, கவனித்தீர்களா? சண்டை போடத்தான் நேரம் இருந்தது. அக்கா ஒரு சின்ன மணி வாங்கியிருக்கிறார், நம் வேனில் தொங்கவிட. கையில் வாங்கி ஆட்டினால் சத்தமே இல்லை, உள்ளே நாக்கு கட்டவில்லை. பட்டறை அம்மா, "நாக்கு இல்லாத மணியை எங்க கொண்டு போறீங்க? உட்காருங்க, ஒரு நிமிஷம்," என்றாராம். அந்த ஒரு நிமிஷம் அரைமணியாகிவிட்டது. அந்த ஊர் மணிக்கெல்லாம் நாக்கு கட்ட ஆள் இருக்கிறது. அன்றைக்கு நம் இரண்டு பேருக்கும் கட்டத்தான் ஆளில்லை.

பதினொரு வருஷமாக ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிளம்புவதற்கு முன்னால் நீங்கள் "ஆச்சா?" என்பீர்கள். உடனே நான் சொல்லிவிட மாட்டேன். ஒரு தடவை திரும்பி, கடைசி சீட் வரை பார்த்துவிட்டுத்தான் "ஆச்சு" என்பேன். அன்றைக்கு நீங்கள் கேட்கவில்லை. நான் வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினேன், நீங்கள் எடுத்துவிட்டீர்கள். உங்கள் பக்கம் திரும்பக் கூடாது என்று எனக்கு வீம்பு. அதனால் மடக்கு சீட்டை நான் பார்க்கவில்லை.

வீடு எப்படி இருக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை. சொல்கிறேன். உங்கள் சட்டை இரண்டு கொடியில் கிடக்கிறது. துவைத்து, காய்ந்து, மறுபடி துவைத்து மறுபடி காயப்போட்டிருக்கிறேன். மடித்து உள்ளே வைத்தால் நீங்கள் போனது உறுதியாகிவிடும் போல இருக்கிறது.

ஏழாவது வளைவில் எல்லா பஸ்ஸும்தான் ஹாரன் அடிக்கிறது, அங்கே போர்டே வைத்திருக்கிறார்கள். உங்களுடையது எது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

தெரியும்.

பதினைந்தாம் தேதி கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் கைடு

*

பஸ் ஷெட் மாடி
ஜூலை 4

உன் கடிதம் என் சட்டைப்பையில் இருக்கிறது. மடிப்புகள் கிழிய ஆரம்பித்துவிட்டன.

நீ மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். கேட்காமலே இருந்திருந்தால் எனக்கு இன்னும் கொஞ்ச நாள் சௌகரியமாக இருந்திருக்கும். இனிமேல் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

நீ மடக்கு சீட்டைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

மணி ஊரிலிருந்து வண்டியை எடுக்கும்போதே பார்த்தேன். கியர் போடக் கையைக் கொண்டுபோனால் முழங்கை அக்கா தோளில் இடிக்க வேண்டும். இடிக்கவில்லை. திரும்பினேன், சீட் காலி. கால்வலி என்று பின்னால் போய்ப் படுத்திருப்பாள் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைத்துக்கொண்டேன். அதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். 'ஆச்சா' என்று கேட்டால் நான்தான் முதலில் பேசினேன் என்று ஆகிவிடுமே. அதற்காகக் கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை மிச்சம் பிடித்து, என்னை ஆளாக்கினவளை ரோட்டில் விட்டேன்.

டீக்கடையில் அவள் இல்லை என்றதும் வண்டியைத் திருப்பினேன். திரும்பிப் போகிற வழியெல்லாம் ஒன்றுதான் மனசில் ஓடியது: இது என் தப்பு. பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தியதும் வாயில் வந்தது வேறு. உன் தப்பு என்று சொன்னேன். நீதானே எண்ணுகிறவள் என்று ஊரே நம்பியது. முதலாளி நம்பினார். நீகூட நம்பிவிட்டாய் போலிருக்கிறது.

அதனால்தான் மறுநாளே இந்த வேலைக்கு ஓடிவந்தேன். கோபத்தில் வந்ததாக நீ நினைத்தாய். உன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் வந்தேன். இதை எழுதிய பிறகு இன்னும் முடியாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். அக்காவிடம் உண்மையை நீயே சொல்லிவிடு. என் சட்டைகளை மடித்து வைத்துவிடு.

டிரைவர்

*

மலையடிவாரம்
ஜூலை 6, சனிக்கிழமை

என்னங்க,

கவுண்டர் அம்மா உங்கள் கடிதத்தைக் கொடுக்கும்போதே, "இது கனமா இருக்கேம்மா," என்றார். வேனுக்குள் உட்கார்ந்து படித்தேன். பிரேக் கண்ணாடி துடைக்கிற சாக்கில் கீழே இறங்கிப் போய்விட்டார். நான் சொன்னேனே, தங்கமான மனுஷர்.

எனக்குத் தெரியும்.

போன கடிதத்தில் நான் ஒரு பொய் எழுதினேன். உங்கள் பக்கம் திரும்பவே இல்லை என்று. திரும்பினேன். ஒரே ஒரு தடவை, வண்டி நகரும்போது. நீங்கள் இடதுபக்கம் குனிந்து அந்தக் காலி சீட்டைப் பார்த்ததைப் பார்த்தேன். 'அவர் பார்த்துவிட்டார், கிளம்புகிறார், அப்படியானால் சரியாகத்தான் இருக்கும்' என்று நினைத்தேன். நீங்கள் என் தட்டலை நம்பினீர்கள், நான் உங்கள் பார்வையை நம்பினேன். ஒருவரை ஒருவர் நம்பியே அக்காவை விட்டுவிட்டோம். நாம் ஒழுங்காகச் சண்டை போடத் தெரியாதவர்கள்.

பட்டறை வாசலில் நீங்கள் அப்படிக் கேட்டபோது, 'நீங்கதானே பார்த்தீங்க' என்று என் நாக்கு நுனி வரை வந்தது. அக்கா அந்த மணியை மடியில் வைத்துக்கொண்டு உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் பார்த்தும் வந்துவிட்டீர்கள் என்று அவர் காதில் விழ வேண்டாம் என்று விழுங்கிவிட்டேன். நான் விட்டதாகவே இருக்கட்டும் என்று பழியை ஏற்றுக்கொண்டேன். அதற்குப் பதிலாக நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பழி தாங்கியது. காலையில் எழுந்தால் ஒரு டம்ளர் டீ மட்டும் போடுவது தாங்கவில்லை.

அக்காவிடம் நான் சொல்ல மாட்டேன். உங்கள் வாயால் சொல்லுங்கள். எனக்கு என்னவோ அவருக்கும் தெரியும் என்றுதான் தோன்றுகிறது. நம் வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரிகிறது, யாரும் வாயைத் திறப்பதில்லை.

அடுத்த சனிக்கிழமை, பதின்மூன்றாம் தேதி, அக்கா வேனில் வருகிறார். ஓசியில் வர மாட்டாராம். முதலாளியிடம் போய் டிக்கெட் வாங்கி, எட்டாம் நம்பர் சீட்டுக்குப் பேர் எழுதிவிட்டு வந்தார். "டிக்கெட் இருந்தாதானேடி எண்ணுவீங்க," என்கிறார். மணியும் வருகிறது.

பேருந்து ஏறி வீட்டுக்கு வாருங்கள் என்று நான் கூப்பிடவில்லை. மலையிலிருந்து இறங்கினால் போதும். பதினொன்றேகாலுக்கு வண்டி கிளம்பும். உங்களுக்குத் தெரியும், நான் யாருக்காகவும் காத்திருக்க மாட்டேன். அன்றைக்கு மட்டும் பதினொன்றரை வரை பயணிகளுக்கு அந்த மலைப்படிகளின் கதையை இழுத்துச் சொல்வேன். அதற்கு மேல் என்னிடம் கதை இல்லை.

உங்கள் சட்டைகள் கொடியிலேயேதான் இருக்கின்றன.

*

டிக்கெட் கவுண்டர்
ஜூலை 13, சனிக்கிழமை, பதினொன்று இருபது

இதை உன்னிடம் கவுண்டர் அம்மா கொடுக்கும்போது நான் வேனுக்குப் பின்னால் நிற்பேன். நேரே முன்னால் வர இன்னும் தைரியம் வரவில்லை. பின்கதவு வழியாக ஏறிவிடலாம் என்று போய்ப் பார்த்தேன். யாரோ அதைச் சரியாகவே சாத்தியிருக்கிறார்கள், திறக்க வரவில்லை.

ஒப்பந்தத் தாளைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ரைட்டு என்னைக் கட்டிப்பிடித்து, முதல் தடவையாக 'ரைட்' இல்லாமல் வழியனுப்பினார். "போயிட்டு வாங்க."

அக்காவை எட்டாம் நம்பரில் பார்த்தேன். போய்ச் சொல்லிவிட்டேன், ஜன்னல் வழியாக, எல்லாவற்றையும். "தெரியும்டா. நீ குனிஞ்சு சீட்டைப் பார்த்ததை நான் பட்டறை வாசல்ல இருந்து பார்த்துக்கிட்டுதானே இருந்தேன். கத்தினேன், இன்ஜின் சத்தத்துல உனக்குக் கேக்கல. மணியை ஆட்டலாம்னா அதுக்கு நாக்கு இல்ல," என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி என் தலையைத் தொட்டாள்.

பிரேக் சாவியை என் கையில் வைத்துவிட்டு மடக்கு சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். இனி ஒன்றுதான் பாக்கி. இதன் கீழேயே எழுதிக் கொடுத்துவிடு. நேரில் கேட்டால் எனக்குக் குரல் உடைந்துவிடும், இருபத்திரண்டு பேர் பார்ப்பார்கள்.

ஆச்சா?

*

(அதே தாளில், கீழே)

திரும்பி, கடைசி சீட் வரை பார்த்துவிட்டேன். டிக்கெட் எடுத்தவர்கள் அக்காவோடு இருபத்திரண்டு. மடக்கு சீட்டில் பிரேக், மைக்கோடு நான், கதவுக்குப் பின்னால் அழுதுகொண்டு நிற்கிற டிரைவர். மொத்தம் இருபத்தைந்து.

ஆச்சு.